ஓடு மெலிந்த முட்டை, வெளிறிய மஞ்சள் கரு: நோயா, தீவனக் குறையா?

புதுக்கொட்டகை (கேள்வி)

வணக்கம். 300 முட்டைக்கோழி, பழுப்பு முட்டை ரகம், உமி பரப்பிய ஆழ்கூளத்தில் இருக்கு. வயசு 58 வாரம். முட்டை உற்பத்தி 78 விழுக்காட்டிலிருந்து (100 கோழிக்கு நாளுக்கு 78 முட்டை) மூணு வாரத்தில் 71-க்கு இறங்கிடுச்சு. அதைவிடப் பெரிய தலைவலி உடைசல். 100 முட்டைக்கு 8, 9 போகுது. விரலால் அழுத்தினாலே ஓடு நசுங்குது, காலையில் கூளத்தில் தோல்முட்டை (ஓடு இல்லாம சவ்வு மட்டும்) கிடக்குது. மஞ்சள் கருவும் வெளிறிப்போச்சு. "சத்தில்லாத முட்டை"ன்னு வாங்குறவங்க முகத்துக்கு நேராவே சொல்றாங்க.

தீவனம் சொந்தக் கலவை. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 25, கம்பு 25, சோயாப் புண்ணாக்கு 22, அரிசித் தவிடு 18, கருவாட்டுத் தூள் 3, கிளிஞ்சல் தூள் (மாவா அரைச்சது) 5, டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 1. மீதி 1 கிலோவில் உப்பு, வைட்டமின்-தாதுக் கலவை, மெத்தியோனின் (ஒரு அமினோ அமிலம்). முன்னாடி ஒரு கோழி 112 கிராம் தின்னுச்சு, வெயில் ஏறினதும் 100 கிராமோடு நிறுத்திக்குது. காலை 7 மணிக்கு மொத்தத் தீவனமும் போட்டுடுவோம். விளக்கோடு சேர்த்து வெளிச்சம் 16 மணி நேரம்.

இது நோயா, கால்சியம் பத்தலையா? வெளிறிய கருன்னா உண்மையிலேயே சத்து குறைவா?

தீவனத்தராசு

நோயைத் தேடுறதுக்கு முன்னாடி உங்க கலவையைக் கூட்டிப் பாருங்க. பாதி பதில் அதிலேயே இருக்கு.

கிளிஞ்சலில் கால்சியம் சுமார் 38%. 5 கிலோவில் 1.9 கிலோ கிடைக்கும். 1 கிலோ டிசிபியில் 0.23. கருவாடு, தானியம், சோயா எல்லாம் சேர்த்து 0.25 வைங்க. மொத்தம் 2.4 கிலோ, அதாவது 2.4%. இந்த வயசுக் கோழிக்கு வேண்டியது 4%-ஐ ஒட்டி. அதுவும் 100 கிராம்தான் தின்னுதுன்னா உள்ளே போறது 2.4 கிராம், அதில் உடம்பில் தங்குறது பாதிக்குக் கொஞ்சம் மேல. ஒரு முட்டையோட ஓட்டுக்கு மட்டும் 2 கிராமுக்கு மேல கால்சியம் வேணும். குறையிறதைக் கோழி தன் எலும்பைக் கரைச்சுத்தான் கொடுக்குது. இதுவரைக்கும் ஓடு வந்ததே எலும்புச் சேமிப்பில்தான். அந்தச் சேமிப்பு தீரும்போது தோல்முட்டை வரும், உற்பத்தி இறங்கும், அப்புறம் காலைப் பரப்பி உட்கார்ந்த கோழி எழுந்திருக்காது.

ரெண்டாவது, நேரம். கரு விடுபட்டதிலிருந்து முட்டை வெளியே வர 24 முதல் 26 மணி நேரம். அதில் 20 மணி நேரம்போல ஓடு கட்டுற பையிலேயே இருக்கும். ஓட்டின் பெரும்பகுதி கட்டுறது விளக்கு அணைஞ்ச பிறகு, அதாவது கோழி எதுவும் தின்னாத நேரத்தில். நீங்க காலை 7 மணிக்குப் போட்ட மாவுக் கிளிஞ்சல் சாயங்காலத்துக்குள்ள குடலைத் தாண்டிப் போயிடும். 2 முதல் 4 மி.மீ. துகளா இருந்தா தீனியை அரைக்கிற பையிலேயே தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். ஒரே அளவு கால்சியம்தான், மாவா அரைச்சா ஒரு ஓடு, துகளா கொடுத்தா வேற ஓடு.

செய்ய வேண்டியது: கிளிஞ்சலை 9.5 கிலோவாக்குங்க. தவிட்டை 18-லிருந்து 13.5-க்குக் குறைச்சா இடம் கிடைக்கும். தவிட்டில் பைட்டேட் அதிகம், கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அதனால குறைக்கிறதே நல்லது. புரதம் 17.5% பக்கத்தில் நிக்கும், போதும். அந்த 9.5-இல் 3 கிலோ மட்டும் தூள், மீதி 6.5 துகள். கால்சியம் 4.1%-க்கு வந்துடும். ஒரே நாளில் ஏத்தினா தீவனம் எடுப்பு குறையும், அதனால 4, 5 நாளில் படிப்படியா ஏத்துங்க. 4.5%-க்கு மேல போக வேண்டாம்.

மாவுத் தீவனத்தில் துகளைக் கலந்தா அது தொட்டியோட அடியில் இறங்கிடும். முந்துற கோழிக்கு எல்லாம், பிந்துற கோழிக்கு ஒண்ணுமில்லை. அதைவிடத் துகளைத் தனியா வச்சுக்கிட்டு, மாலை 4 மணிக்குத் தீவனத்து மேல தூவுங்க. கோழிக்கு 6.5 கிராம், 300 கோழிக்கு நாளுக்கு 2 கிலோ.

தீவன நேரத்தையும் மாத்துங்க. விடியற்காலை 5 மணிக்கு 40%, மாலை 4 மணிக்கு 60%. நடுப்பகலில் தொட்டி காலியாகுற மாதிரி விடுங்க, அடியில் தங்குற தூளையும் தின்னு முடிக்கும். தூளில்தான் மெத்தியோனினும் வைட்டமினும் இருக்கு.

இன்னும் மூணு இடம் பாருங்க. கருவாட்டில் ஏற்கெனவே உப்பு நிறைய, அதுக்கு மேல நீங்களும் உப்புப் போடுறீங்க. உப்பில் இருக்கிற குளோரைடு கூடினா ஓடு மெலியும், கூளமும் ஈரமாகும். போடுற உப்பில் பாதியைக் குறைச்சு, 100 கிலோவுக்கு 200 கிராம் சமையல் சோடா சேருங்க. வைட்டமின் கலவையோட தயாரிப்புத் தேதியைப் பாருங்க. வெயிலில் கிடந்த பழைய பாக்கெட்னா வைட்டமின் டி3 செத்திருக்கும், டி3 இல்லாம எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் குடல் இழுக்காது. கிளிஞ்சல் கிடைக்காம சுண்ணாம்புக்கல் வாங்கினா டோலமைட் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. அதில் மெக்னீசியம் அதிகம், கழிச்சல்தான் மிஞ்சும்.

களத்துமேடு

இவ்வளவு கணக்கு எதுக்கு? தண்ணியில திரவக் கால்சியம் விட்டா மூணு நாளில் ஓடு கெட்டியாகும். கடையில எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.

தீவனத்தராசு

மூணு நாளைக்கு உதவும், அதுவும் சாயங்காலம் கொடுத்தா. ஆனா குப்பியில் போட்டிருக்கிற கால்சியம் அளவைக் கோழி எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க, ஒரு கோழிக்குப் போறது கிராமில் கொஞ்சம்தான். இங்க குறையிறது நாளுக்கு கிட்டத்தட்ட 2 கிராம். அதைத் தண்ணியில ஊத்தி நிரப்ப முடியாது. நிப்பிள் (கோழி கொத்தினா தண்ணி சொட்டுற குழாய்முனை) வச்சிருந்தா படிவு அடைச்சு, தண்ணி கிடைக்காத கோழி முட்டையையே நிறுத்திடும். தீவனம் சரியாகுற வரைக்கும் ஒரு வாரம் கைத்தாங்கலா வச்சுக்கலாம், அவ்வளவுதான்.

இறகுமருத்துவம்

தீவனக் கணக்கு சரி. ஆனாலும் நோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக் கூடாது. முட்டையையே வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம்.

ஓடு மெலிந்திருக்கிறது, ஆனால் வடிவம் சரியாக இருக்கிறது, பழுப்பு நிறம் பெரிதாக மாறவில்லை, இறக்கமும் மெதுவாக நடந்திருக்கிறது என்றால் கால்சியம், டி3, வெயில் இந்த மூன்றில் ஒன்று. ஓட்டில் சுருக்கமும் வரியும் இருந்து, முட்டை கோணலாகி, தட்டில் உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடினால் தொற்று மூச்சுக்குழல் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குள் சத்தமின்றி நின்றால் கரகரப்பு கேட்கும். கோழி துறுதுறுவென்று இருக்கிறது, ஆனால் முதலில் பழுப்பு நிறம் போய், பிறகு மெல்லோடு, அதன் பிறகு தோல்முட்டை என்று வரிசையாக வந்தால் முட்டை வீழ்ச்சி நோய்க்குறி (ஈடிஎஸ்). இதற்கான தடுப்பூசி முட்டையிடும் முன் 14 முதல் 16 வாரத்தில் போட்டிருக்க வேண்டும், பதிவேட்டைப் பாருங்கள். தடுப்பூசி போட்ட கூட்டத்தில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வேறு அறிகுறியே காட்டாமல் முட்டையை மட்டும் குறைக்கவும் கூடும். சந்தேகம் இருந்தால் இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே வழி.

கோழியையும் தூக்கிப் பாருங்கள். மார்பு நடுவே ஓடும் எலும்பின் விளிம்பில் விரலை வைத்து மேலிருந்து கீழாக வருடினால் நேராகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பத்துக் கோழியில் நான்கைந்துக்கு அது வளைந்தோ, அழுத்தினால் நெகிழ்ந்தோ இருந்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டிருக்கிறது.

ஓட்டின் தரத்தை அளக்க உப்புத் தண்ணீர் போதும். 1 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 125 கிராம் உப்பு கரைத்தால் அடர்த்தி 1.080-ஐ ஒட்டி வரும். அடர்த்திமானி இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அன்று இட்ட 30 முட்டையை அதில் விடுங்கள். கெட்டி ஓடு மூழ்கும், மெல்லோடு மிதக்கும். பழைய முட்டையைப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே காற்றறை பெரிதாகி நல்ல ஓடும் மிதந்துவிடும். 58 வாரத்தில் சில மிதப்பது இயல்பு. தீவனம் மாற்றுவதற்கு முன் ஒரு முறை, மாற்றிய 10-ஆம் நாள் ஒரு முறை எண்ணுங்கள். மிதப்பவை குறைந்திருந்தால் தடம் சரி.

வெயிலைக் குறைத்து எடைபோட வேண்டாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் இருந்தும் கார்பனேட் பங்கு குறைந்தால் ஓடு மெலியத்தான் செய்யும். மேலே சொன்ன சமையல் சோடா இங்கும் உதவும். வழக்கமாகத் தீவனத்தைப் போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, 35 பாகை வெப்பத்தில் அதைவிட மிக அதிகமாகக் குடிக்கும். 300 கோழிக்கு 60 லிட்டர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தால் கோடையில் 100 லிட்டருக்கு மேல் தயாராக இருக்கட்டும். தொட்டியும் குழாயும் நிழலில் இருக்க வேண்டும், சுடுதண்ணீரைக் கோழி தொடாது. வெப்பத்தால் தீவனம் எடுப்பு மிகவும் குறைந்தால் இருட்டு நேரத்தின் நடுவில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டுத் தீவனம் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது 3 மணி நேரம் இருட்டு வேண்டும். வழக்கமான 16 மணி நேரத்தில் கை வைக்காதீர்கள். முட்டையிடும் கூட்டத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் உற்பத்தி அப்படியே சரியும்.

தவிடு, கம்பு, மக்காச்சோளம் எதிலாவது பூஞ்சை வாடை, கட்டி இருந்தால் ஒதுக்குங்கள். பூஞ்சை நச்சு கல்லீரலைத் தாக்கும். டி3 முதலில் மாற்றமடைவது கல்லீரலில்தான். ஆழ்கூளம் என்பதால் குடற்புழு நீக்கம் எப்போது நடந்தது என்றும் பாருங்கள். காரணம் தெரியாமல் எதிர்நுண்ணுயிர் மருந்து கலக்காதீர்கள். ஓட்டுக்கு அதனால் பயனில்லை, எச்சம் முட்டையில் இறங்கும். ஏதேனும் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் குப்பியில் போட்டிருக்கும் விலக்கு நாள் முடியும்வரை முட்டையை விற்கக் கூடாது.

கருவும்வெள்ளையும்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

மஞ்சள் கருவின் நிறம் லூட்டீன், சியாசாந்தின் போன்ற நிறமிகளால் வருவது. கோழியால் இவற்றை உருவாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மஞ்சள் மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 மி.கி. உண்டு. கம்பில் அநேகமாக இல்லை. பாதித் தானியத்தைக் கம்பாக மாற்றினால் கரு வெளிறுவதில் வியப்பில்லை. நீண்ட நாள் சேமித்த மக்காச்சோளத்திலும் நிறமி சிதைந்துவிடும்.

ஆனால் நிறத்தைப் பார்த்துச் சத்தை எடைபோட முடியாது. 50 கிராம் முட்டையில் (ஓடு நீங்கலாக) ஏறத்தாழ 6.3 கிராம் புரதம், 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு, 72 கலோரி. கரு வெளிறினாலும் சிவந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கோழிக்குப் புரதம் பற்றாமல் போனால் முட்டை சிறியதாகும், அல்லது எண்ணிக்கை குறையும். முட்டைக்குள் இருக்கும் அமினோ அமிலங்களின் விகிதம் மாறாது. கொலஸ்டிராலும் (சுமார் 186 மி.கி.) தீவனத்தால் பெரிதாக ஏறி இறங்காது. தீவனத்தோடு கூடிக் குறைபவை வேறு: வைட்டமின் ஏ, டி, ஈ, பி12, ரைபோபிளேவின், அயோடின், செலினியம், கொழுப்பின் வகை. ஆளி விதை சேர்த்தால் ஒமேகா-3 ஏறுவது இதனால்தான் (அளவு மீறினால் முட்டையில் மீன் வாடை வரும்). உங்கள் வைட்டமின் கலவை கெட்டிருந்தால், கரு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இவை குறைந்திருக்கும். வைட்டமின் ஏ-வின் ரெட்டினால் வடிவம் கருவுக்கு நிறம் தருவதில்லை. ஆகவே நல்ல கலவை தின்ற கோழியின் வெளிறிய கருவில் ஏ நிறையவே இருக்க முடியும்.

வாங்குகிறவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. லூட்டீனும் சியாசாந்தினும் கண்ணின் விழித்திரைக்குப் பயன்படுபவை, வெளிறிய கருவில் அவை குறைவு. அதற்காகச் செயற்கை நிறமி போட்டுச் சிவக்க வைத்த கரு சத்தானது ஆகிவிடாது. கம்பில் 15 கிலோவை மீண்டும் மஞ்சள் மக்காச்சோளமாக மாற்றுங்கள். அல்லது காய்ந்த செண்டுமல்லி இதழ்ப் பொடி 100 கிலோவுக்கு 100 முதல் 200 கிராம், இல்லையென்றால் நிழலில் உலர்த்திய குதிரைமசால் 3, 4 கிலோ. கரு பருத்து முதிர ஏறக்குறைய 10 நாள் ஆகும், எனவே நிறம் நிலைகொள்ள இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

"கருவில்தான் கொலஸ்டிரால்" என்று கருவை எறிபவர்கள் கோலின் (ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 150 மி.கி.), ஏ, டி, பி12 எல்லாவற்றையும் சேர்த்தே எறிகிறார்கள். வெள்ளையில் மிஞ்சுவது பெரும்பாலும் புரதமும் தண்ணீரும்தான், அந்தப் புரதத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு கருவோடு போய்விடுகிறது. இன்னொரு பக்கம், முட்டை முழு உணவு என்று சொல்வதும் மிகை. வைட்டமின் சி கிடையாது, நார்ச்சத்து கிடையாது. கருவில் இரும்பு உண்டு, ஆனால் பாஸ்விட்டின் என்ற புரதம் அதைக் கட்டிவைத்திருப்பதால் உடலில் சேர்வது சொற்பம். பச்சை முட்டை குடித்தால் பலம் என்பது தலைகீழ்க் கணக்கு. வேக வைத்தால் புரதம் 90 விழுக்காடு அளவுக்குச் செரிக்கும், பச்சையாகக் குடித்தால் பாதிதான். பச்சை வெள்ளையில் உள்ள அவிடின் பயோட்டினையும் பிடித்துக்கொள்ளும்.

மெல்லோட்டு முட்டையின் உள்ளிருப்பு மற்ற முட்டையைப் போலத்தான். சிக்கல் காப்பில். விரிசல் விழுந்து உள்சவ்வு கிழியாமல் இருந்தால் அன்றே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், விற்பனைக்கு ஆகாது. சவ்வும் கிழிந்திருந்தால் குப்பைக்கு.

அழுக்கு முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருப்பது சுருங்கி, வெளி அழுக்கை உறிஞ்சும். மேலே உள்ள இயற்கைப் பூச்சும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அதற்கும் போகாத அழுக்கு என்றால் கூடு சரியில்லை என்று பொருள். 5 கோழிக்கு ஒரு கூடு, 300-க்கு 60, 30 செ.மீ. நீள அகலம், உள்ளே இருட்டாக, உமி 5 செ.மீ. முட்டையை நாளுக்கு 4 முறை எடுங்கள், அதில் 3 முறை முற்பகலில். விளக்கு எரிந்த 5, 6 மணி நேரத்துக்குள் பெரும்பாலானவை இட்டு முடித்துவிடும். உங்கள் 9 விழுக்காடு உடைசலில் ஒரு பங்கு, கூட்டில் ஒன்றன் மேல் ஒன்று மிதித்து உடைபவை. அடுக்கும்போது அகன்ற முனை மேலே இருக்கட்டும், காற்றறை அங்கே இருக்கிறது. குளிரூட்டியில் வைத்ததை எடுத்து வெளியே வைத்து மறுபடி உள்ளே வைக்காதீர்கள், ஓடு வியர்த்தால் நுண்ணுயிர் உள்ளே போக வழி கிடைக்கும்.

புதுக்கொட்டகை

எல்லாருக்கும் நன்றி. மார்பெலும்பு பார்த்தேன், பத்தில் மூணுக்கு வளைவு இருக்கு. ஓடு நிறம் மாறலை, கரகரப்பும் இல்லை. வைட்டமின் பாக்கெட்டில் தேதியே அழிஞ்சுபோச்சு, புதுசு மாத்துறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். எத்தனை நாளில் ஓடு தேறும்? உடைஞ்ச முட்டை ஓட்டையே அரைச்சுப் போட்டா கிளிஞ்சல் செலவு மிச்சமாகுமா?

தீவனத்தராசு

தீவனத்தில் மட்டும் குறைன்னா ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். எலும்பு வளைஞ்ச கோழி முதல்ல எலும்பை நிரப்பிக்கும், அதுக்கு இன்னும் சில வாரம் ஆகும், வளைஞ்ச எலும்பு நேராகாது. வயசுக் கணக்கையும் மறந்துடாதீங்க. 58 வாரத்தில் முட்டை பெருசாகிட்டே போகும், கோழி ஓட்டுக்குப் போடுற பொருள் அதே அளவுதான், அதனால ஓடு 30 வாரத்தில் இருந்த தடிமனுக்குத் திரும்பாது. உடைசல் 3, 4-க்கு வந்தா சரியான கலவைன்னு வச்சுக்கலாம். முட்டை ரொம்பப் பெருசாப் போகுதுன்னா மெத்தியோனினை லேசாக் குறைச்சு அளவைப் பிடிச்சு நிறுத்துங்க.

முட்டை ஓடு போடலாம். 10 நிமிஷம் கொதிக்க வச்சு, காய வச்சு, ஓடுன்னு அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்க. பச்சையாப் போட்டா சால்மோனெல்லா சுத்தி வரும், பெரிய துண்டாப் போட்டா முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிடும், அந்தப் பழக்கம் வந்துட்டா விடவே விடாது. ஆனா கணக்குப் பாருங்க. நாளுக்கு 213 முட்டையில் உடைசல் 18, ஒரு ஓடு 5.5 கிராம், ஆக 100 கிராம். உங்களுக்கு வேண்டியது துகள் மட்டுமே 2 கிலோ.